பூச்சியம் வேறு, கோடு வேறு

சொன்னது தப்பிப் போனால் முகம் மலருகிற ஆளை என் ஆயுசில் ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன்.

கீரிப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் வீடுவரைக்கும் அரைமணி நேரம் மேடு ஏறி, தலைமுதல் கால்வரை நனைந்து முற்றத்தில் வந்து நிற்பாள். கையில் குடை இருக்காது. இன்றைக்கு மழை இல்லை என்று நேற்றுச் சொன்னதே அவள்தான். பிறகு குடையோடு வந்தால் நியாயமா என்பாள்.

"தப்பிப் போச்சு பெரியம்ம. நல்லாத் தப்பிப் போச்சு! குப்பியில எவ்வளவு கிடக்கு?"

துவர்த்து எடுத்துக் கொடுத்தால் தலையைத் துவட்டமாட்டாள். பையிலிருந்து நோட்டை எடுத்து அதைத்தான் முதலில் துடைப்பாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. சுசீந்திரத்துக்காரி. நாற்பது வயதை ஒட்டி இருக்கும். எங்கெங்கோ போய்ப் படித்து, மழையை முன்கூட்டிச் சொல்கிற ஆபீஸ் ஒன்றில் வேலைக்கு இருந்தாள். நோட்டும் பேனாவுமாக மலையேறி வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஊருக்கு டீச்சர்தான். "நான் டீச்சர் இல்ல கேட்டியளா" என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? ராடார் டீச்சர் என்று நிலைத்துவிட்டது. நான் மட்டும் 'பிள்ளே' என்பேன். அதுவும் பழகி ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொன்னேன். வெளியாள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. எழுப்பிக் கேள்வி கேட்பார்களே என்கிற பயத்திலேயே நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

அவள் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடைக்குக் குறுக்கே ஒரு சப்பாத்து உண்டு. பாலம் இல்லை, தாழ்வாகப் போட்ட சிமெண்டுப் பாதை. சாதாரண நாளில் தண்ணீர் அதன் அடியில் குழாய்க்குள்ளே போகும். மலையில் பெய்தால் மேலே ஏறி வரும். அந்தச் சப்பாத்தைத் தாண்டித்தான் எங்கள் பெண்கள் அக்கரை ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறார்கள். என் மருமகள் ஷீபாவும் போகிறாள். வெளுக்கும்போது போனால் பதினொரு மணி வாக்கில் திரும்புவார்கள். அந்தத் தண்ணீருக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. கீழே நல்ல வெயில் அடிக்கும். மேலே மலைமடக்கில் மட்டும் பெய்யும். சப்பாத்தில் நடக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. சத்தம் கேட்கும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்திருக்கும்.

என் வீட்டுக்காரரை அப்படித்தான் எடுத்தது. மகன் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கின வருஷம்.

"மலைக்கு அந்தப் பக்கம், கடலோரத்துல ராடார் இருக்கு பெரியம்ம" என்று முதல் நாள் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால். அவள் முற்றத்தில், கவிழ்த்துப் போட்ட உரல்மேல். "முட்டத்து லைட்ஹவுஸ் கண்டிருக்கியளா? சுத்திச் சுத்தி வெளிச்சம் அடிக்கும்லா, அதுபோல இது சுத்திச் சுத்தி ஒரு அலையை அனுப்பும். அது மழைத்துளியில பட்டுத் திரும்பி வரும். வருகதை வச்சு எங்க எவ்வளவு பெய்யுதுன்னு படம் போடும். நடுவுல மலை நின்னா? மலைக்குப் பின்னால தாழ இறங்கி நிக்குற மேகம் அதுக்குத் தெரியவே தெரியாது."

செல்போனில் படத்தைக் காட்டினாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எங்கும் நிறம். எங்கள் மலைமடக்கு மட்டும் அழித்த சிலேட்டு மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

"இதைப் பாக்குறவன் என்ன நினைப்பான்? இஞ்ச மழை இல்லைன்னு நினைப்பான். அது அப்படி இல்ல. இஞ்ச பாக்கலைன்னுதான் அர்த்தம். எனக்கு இஞ்சப் பாக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்."

ராடார் பார்க்காததைப் பார்க்க நான்! அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மேலே புனல், உள்ளே ஒரு குப்பி, அளந்து பார்க்கக் கோடுபோட்ட கண்ணாடிக் குழல். அவ்வளவுதான் அந்த மழைமானி. பலாமரத்து நிழல் படாத இடமாகப் பார்த்து முற்றத்தில் ஊன்றினாள். தினமும் காலை எட்டரைக்குக் குப்பியிலுள்ளதைக் குழலில் ஊற்றி, எத்தனை கோடு என்று நோட்டில் எழுதவேண்டும். நோட்டைக் கையில் வாங்கியபோது நாலாம் வகுப்புப் பயம் அப்படியே திரும்பி வந்தது.

முதல் மாதமே நான் ஒரு பெரிய வம்பை இழுத்து வைத்தேன். நான் பிறந்தது குலசேகரம் பக்கம். எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், குளிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். நோட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'வெள்ளம் கொஞ்சம்', 'வெள்ளம் நிறைய' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அவளுடைய ஆபீஸில் வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, கீரிப்பாறைக்கு மேலே தினமும் வெள்ளம் வருகிறது, யாருமே சொல்லவில்லையே என்று பதறிப் போயிருக்கிறார். அவள் வந்து இதைச் சொல்லி, உரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன்.

"எழுதுங்க பெரியம்ம, நீங்க வெள்ளம்னே எழுதுங்க. அவரு தமிழ் படிக்கட்டு."

அவளிடம் ஒரு கேள்வி உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் கேட்பாள். "பாத்தியளா, கேட்டியளா?" நேற்று மேலே நல்ல மழை என்று யாராவது சொன்னால், பாத்தியளா, கேட்டியளா? ஆனை இறங்கியிருக்கு என்றாலும் பாத்தியளா, கேட்டியளா? சப்பாத்துப் பக்கத்தில் சாயாக்கடை வைத்திருக்கிறவருக்கு இதில் நல்ல பொழுதுபோக்கு. பஸ் இறங்கி அவள் அந்த வழியாக ஏறி வருவதைக் கண்டால் கரண்டியை வைத்துவிட்டு ஆரம்பிப்பார்.

"டீச்சரே, நாளைக்குத் துணி உணக்கலாமா வேண்டாமா?"

"தெரியாது அண்ணாச்சி. பெய்யதுக்கும் இடமுண்டு, பெய்யாமப் போறதுக்கும் இடமுண்டு."

"இதை எங்க வீட்டுக் கோழியும் சொல்லும். தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு படிச்சிய?"

"சும்மா தெரியாதுன்னா அதுக்குப் படிப்பு வேண்டாம். எந்த இடத்துல, எவ்வளவு தெரியாதுன்னு சொல்லணும்லா? அதுக்குத்தான் இந்தப் பாடு."

"அப்பம் சாயாவுக்கு சீனி எவ்வளவுன்னாவது தெரியுமா?"

"சீனி வேண்டாம். அது நல்லாத் தெரியும்."

அவளுடைய சொந்த அப்பாவுக்கே அவளிடம் இந்தக் குறை உண்டு. சுசீந்திரத்தில் அவர்களுக்கு வயல். கும்பப்பூ அறுப்பு நெருங்கினால் போன் செய்து, மழை வருமாட்டி என்று கேட்பாராம். தெரியாதுப்பா என்பாளாம். "'பெத்த அப்பனுக்குக்கூட ஒரு வாக்குச் சொல்ல மாட்டா. இவளைப் படிக்க வச்சதுக்கு ரெண்டு எருமை பிடிச்சிருக்கலாம்'ன்னு ஏசுவாரு பெரியம்ம" என்று மட்டிப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். அப்பாவைப் போலவே குரலை மாற்றிச் சொன்னாள்.

இனி என் களவைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் குலசேகரம் போனேன். இரண்டு நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. நோட்டில் இரண்டு கட்டம் காலியாகக் கிடந்தது. காலியாக விட்டால் இவள் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடுமே. இரண்டிலும் அழகாகப் பூச்சியம் போட்டேன். குப்பியில் கிடந்த தண்ணீரை அளந்து மூன்றாம் நாளில் எழுதினேன். அன்றைக்கு ஒரு துளி பெய்யவில்லை என்பது சாயாக்கடைக்காரர் உணக்கிய துணிக்கே தெரியும்.

அவள் நோட்டைப் பார்த்தாள். பேனாவைக் கொண்டையில் சொருகினாள். ஏதாவது யோசனை வந்தால் அப்படித்தான் செய்வாள். பிறகு வீடு முழுக்கப் பேனாவைத் தேடுவாள்.

"பெரியம்ம, இந்த ரெண்டு நாளும் குப்பியை எட்டிப் பாத்தியளா?"

நான் கதவுக்குப் பின்னால் இன்னும் ஒரு அடி உள்ளே போனேன்.

"ஏச மாட்டேன். சொல்லுங்க."

"கல்யாணத்துக்குப் போனேன்."

"சரி. பொண்ணு நல்லாயிருக்காளா?" என்று கேட்டாள். பிறகு என் பூச்சியத்தை விரலால் தொட்டாள். "பூச்சியம்னா சாதாரணம் இல்ல கேட்டியளா. நீங்க போய் எட்டிப் பாத்து, குப்பி வறண்டு கிடந்துதுன்னு சாட்சி சொல்லுகிய. பாக்காத அன்னைக்கு அதைப் போட்டா பொய்ச்சாட்சி. பாக்கலைன்னா ஒரு கோடு போடுங்க, போதும். கோட்டுக்கு யாரும் வெக்கப்பட வேண்டாம். என் ஆபீஸ் நோட்டு நிறையக் கோடுதான்."

பொய்ச்சாட்சி என்ற சொல்லைக் கேட்டதும் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் தன்னால்தான் என்று பதறி எழுந்தாள். அன்றைக்குத்தான் நான் கதவுக்கு வெளியே வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன்.

ஐப்பசி மாதம். நான் குழந்தையோடு குலசேகரத்தில் அம்மை வீட்டில் இருந்தேன். அப்போது இந்த மேட்டில் எங்கள் வீடு ஒன்றுதான். நட்டுச்சைக்கு, உச்சிவெயில் நேரத்தில், அவர் தனியாகச் சப்பாத்தைத் தாண்டி வந்திருக்கிறார். கீழே வெயில். சாயங்காலம் அவரை ஒரு பாறையிடுக்கில் கண்டெடுத்தபோது ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்ததாம். மழையே இல்லாமல் தண்ணீர் எப்படி வரும் என்று ஊர் கேட்டது. விசாரிக்க வந்த அதிகாரி ஏதோ புஸ்தகத்தைப் பார்த்து, இந்தப் பகுதிக்கு அன்றைக்கு மழை பூச்சியம் என்றார். ஊருக்கு அது போதும். குடித்துவிட்டுக் கால் இடறி விழுந்தான் என்று முடித்துவிட்டார்கள். குடிகாரன் பெண்டாட்டி, குடிகாரன் மகன். என் மகன் இந்த வயது வரைக்கும் அப்பாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அது எந்த வருஷம், எந்தத் தேதி என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இவளுக்கு நெஞ்சே இல்லையோ என்றுகூட அப்போது எனக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் அவள் சொன்னது ஒரு தடவை பெரிதாகத் தப்பிப் போயிற்று. சப்பாத்தில் தண்ணீர் ஏறும், யாரும் தாண்ட வேண்டாம் என்று தோட்டத்துப் பால் ஷெட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். பெண்கள் அக்கரையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். ஒரு சொட்டு ஏறவில்லை. ஷெட்டில் பாலை அளக்க வரவேண்டியவரும் இக்கரையில் மாட்டிக்கொண்டார். வாளியிலிருந்த பால் எல்லாம் உறைந்து போயிற்று. ஷீபா வீட்டுக்கு வந்து சட்டியும் பானையும் உருட்டினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து அவள் ஷெட்டு வாசலில் நின்றிருக்கிறாள். "நேத்து நான் சொன்னது தப்பு. உங்க மேலயும் இல்ல, மேகத்து மேலயும் இல்ல. என் தப்பு." ஒரு பெண் விடவில்லை. "எங்க பாலு உறைஞ்சு போச்சே, நீங்க வந்து வெட்டித் தருவியளா டீச்சர்?" "வெட்டத் தெரியாதுக்கா. நேத்து எத்தனை மணிக்கு மேகம் கலைஞ்சுது? யாரு பாத்தா?" என்று பேனாவை எடுத்தாளாம்.

"மாமி, அவ ஏச்சு வாங்க வந்தாளா, கணக்கெடுக்க வந்தாளான்னே தெரியல" என்றாள் ஷீபா. சொல்லும்போது கோபம் பாதிதான் இருந்தது.

"மழையை விட வேகமா மன்னிப்பு வருகு" என்று சாயாக்கடைக்காரர் ஒரு வாரம் சொல்லித் திரிந்தார்.

அவள் செய்துகொண்டிருந்த வேலை எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். புரிந்த மட்டும் சொல்கிறேன். என் நோட்டையும் ராடார் படத்தையும் நாள் நாளாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இந்தக் காற்று அடிக்கும் நாளில் மலைக்குப் பின்னால் ராடார் எவ்வளவை விட்டுவிடுகிறது, அந்தக் காற்றுக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் எடுத்தாள். "உங்களுக்குக் கண்ணாடி போட்டப்பம் கண்ணையா மாத்தினாவ? பவர் எவ்வளவு குறைச்சல்னு பாத்துதான போட்டாவ? ராடாருக்கும் அதுதான். குறைச்சல் எவ்வளவுன்னு உங்க நோட்டு சொல்லுகு." மலையில் இன்னும் நாலைந்து வீடுகளிலும் குப்பி வைத்தாள். எட்டரை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இடையில் கனத்துப் பெய்தால் உடனே அளந்து போன் செய்யுங்கள் என்று எங்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். நான் ஒரு நாளும் போன் செய்ததில்லை. எனக்குப் போனில் குரல் வராது.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அந்த நாள் வந்தது.

காலை எட்டரைக்கு அளந்தேன், பூச்சியம். பார்த்துத்தான் எழுதினேன். மலைப்பக்கம் லேசான சாரல் என்று ஆபீஸ் செய்தி வந்திருந்தது. ஒன்பதரை வாக்கில் மலைமடக்கில் மேகம் வந்து படுத்தது. உயரத்தில் இல்லை. பலாமரத்து உச்சியில் துணி போட்ட மாதிரி. பிறகு கொட்டத் தொடங்கியது. கூரைச் சத்தத்தில் அடுப்பு எரிகிற சத்தம் கேட்கவில்லை. அரைமணி நேரம் பார்த்தேன். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு போய்க் குப்பியை எடுத்தேன். அந்தக் குழல் இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். ஒரு தடவை நிறைந்தது. கொட்டிவிட்டு ஊற்றினேன், மறுபடியும் நிறைந்தது. மூன்றாவது தடவை இரண்டு கோடு.

கீழே எட்டிப் பார்த்தேன். சப்பாத்துப் பக்கம் வெயில் பளிச்சென்று கிடந்தது. சாயாக்கடைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

ஷீபாவுக்குப் போன் போட்டேன். அக்கரையில் செல்போனுக்கு ரேஞ்ச் கிடையாது. ஷெட்டில் கம்பிப் போன் ஒன்று உண்டு, அந்த நம்பர் என்னிடம் இல்லை. நடந்து போய்ச் சொல்ல என் காலுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அவர்கள் தாண்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு நம்பர்தான் எனக்கு உண்டு. அதை அமுக்கப் போன விரல் நின்றுவிட்டது. தண்ணீர் வராமல் போனால்? மறுபடியும் பால் உறைந்தால்? டீச்சருக்காவது படிப்பு இருக்கிறது, ஏச்சைத் தாங்குவாள். நாலாம் வகுப்புக்காரி சொல்லைக் கேட்டு நின்றோம் என்று எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரியாது என்று பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்குத் தெரியும். குழல் என் கையில் இருந்தது.

அமுக்கினேன். அந்தப் பக்கம் அவள், "பெரியம்ம? பெரியம்மையா?" என்கிறாள். எனக்குக் குரல் வரவில்லை. "மழையா? பாத்தியளா, கேட்டியளா?"

"பாத்தேன் பிள்ளே. என் கண்ணால பாத்தேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு குழல் நிறைஞ்சு மேல ரெண்டு கோடு. அரைமணிக்கூறுல."

"என் படத்துல அங்க ஒண்ணுமே இல்ல" என்றாள். உடனே, "படம் அங்க பாக்காது. நீங்க பாத்திருக்கிய. வைங்க, நான் ஷெட்டுக்குப் பேசுகேன்" என்றாள்.

மற்றதை ஷீபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்னால் போன இரண்டு பெண்கள் சப்பாத்தில் கால் வைக்கும்போது ஷெட்டுக்காரர் கூவிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். "சவம், மறுபடியும் தொடங்கியாச்சா? வெயில் மண்டையைப் பொளக்குது, இதுல எங்கட்டி மழை?" என்று ஒருத்தி ஏசியிருக்கிறாள். ஆனாலும் நின்றிருக்கிறார்கள். போன தடவை வந்து தப்பு என்று சொல்லிவிட்டுப் போனவள்தானே, பொய் சொல்லமாட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாளாம். கால்மணி நேரம் ஒன்றுமில்லை. முதலில் சப்பாத்தின்மேல் சருகு வந்தது. பிறகு காப்பி நிறத்தில் நுரை. அதன் பிறகு ஒரு முழு மரத்தடி உருண்டு வந்து சப்பாத்தில் மோதி, தூக்கி எறிந்த மாதிரி அந்தப் பக்கம் போயிற்று. வெயில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்ததாம். சாயாக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார்.

ஒன்பது பேர். ஒன்பது பேரும் சாயங்காலம் தண்ணீர் வடிந்தபின் வீடு வந்து சேர்ந்தார்கள். ஷீபா முற்றத்தில் ஏறி வந்து மழைமானியைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றாள். பிறகு, "மாமி, சாயா உண்டுமா?" என்று கேட்டாள்.

அவள் பின்னால் சாயாக்கடைக்காரரும் ஏறி வந்தார். அவர் எங்கள் முற்றத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் குடித்துத்தான் விழுந்தான் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். தோளிலிருந்த துவர்த்தைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"எக்கா, அன்னைக்கும் வெயில்தான் அடிச்சுது" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் அவள் வந்தாள். தப்பிப் போனதற்கு அவள் சிரிக்காமல் வந்தது அன்றைக்கு மட்டும்தான். லேசான சாரல் என்று தன் ஆபீஸ் சொன்னதை நினைத்து நினைத்து மனசு குமைந்திருப்பாள். உரலில் உட்கார்ந்து நோட்டிலிருந்து ஒவ்வொன்றையும் பெயர்த்து எழுதினாள். முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். பழைய புஸ்தகம் ஒன்றின் நகல்.

"பெரியம்ம, நீங்க சொன்ன அந்த வருஷம், அந்த மாசம். தேடிப் பிடிக்க இவ்வளவு நாளாச்சு. பாருங்க."

கட்டம் கட்டமாக முப்பது நாள். முப்பதிலும் பூச்சியம். ஒரே கையெழுத்து, ஒரே மூச்சில் போட்ட மாதிரி வரிசையாக.

"ஐப்பசியில நம்ம மலைக்கு ஒரு மாசம் முழுக்க மழை இல்லாம இருக்குமா? இது அளந்தது இல்ல. அன்னைக்கு இஞ்ச அளக்கதுக்கு ஒரு குப்பியும் கிடையாது, ஒரு ஆளும் கிடையாது. காலியா விடாண்டாம்னு யாரோ போட்டது." நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். எங்கள் வீட்டுக்காரர் போன தேதியை எழுதினாள். அதற்கு நேரே பேனாவை வைத்து, மெதுவாக, நேராக ஒரு கோடு போட்டாள். "அந்தப் புஸ்தகத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. இஞ்ச எழுதலாம். அன்னைக்கு மழை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. அன்னைக்கு யாரும் பாக்கல."

அந்தக் கோட்டை நான் தொட்டுப் பார்த்தேன். மை காயவில்லை, விரலில் ஒட்டியது.

எனக்கு ஆசை பெருகிவிட்டது. "பிள்ளே, அப்பம் பக்கத்துல அவரு குடிச்சிருக்கலைன்னும் எழுது" என்றேன்.

பேனா நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"அதை நான் பாக்கலையே பெரியம்ம."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு வரி. எழுதினால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? அன்று அவளுக்குச் சாயாகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். இரண்டு நாள் அந்த நோட்டை புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நான் கேட்டதும் எழுதிக் கொடுக்கிறவளாக இருந்தால், அவள் போட்ட கோட்டையும் எனக்காகப் போட்டது என்றுதானே நினைத்திருப்பேன்? அடுத்த தடவை வந்தபோது சாயா ஆற்றி, மட்டிப்பழத்தோடு வைத்தேன். "கோபம் போச்சா?" என்றாள். "பாத்துச் சொல்லு" என்றேன். உரல் அசையச் சிரித்தாள்.

அந்த வாரம் மகன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா குடிச்சிருந்தாரா அம்மா?" என்றான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"தெரியாது மக்கா. நான் பாக்கல. ஆனா தண்ணி வந்திருக்கும். அது இப்பம் எல்லாருக்கும் தெரியும்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு அப்பா எப்படி நடப்பார், என்ன சாப்பிடுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அதெல்லாம் நான் பார்த்தது. பொழுது சாயும்வரை சொன்னேன்.

அவளுக்கு வடக்கே மாற்றலாகி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கேயும் மலைதானாம்; எங்களுடையது அதன் முன்னால் குழந்தையாம். போகும்முன் படத்தை மாற்றிவிட்டுப் போனாள். எங்கள் மலைமடக்கு இப்போது வெறுமையாக இல்லை. எங்கள் குப்பிகளிலிருந்து தெரிந்த இடத்தில் நிறம் இருக்கிறது. தெரியாத இடத்தில் சாய்ந்த சாய்ந்த கோடு. போன ஐப்பசியில் இரண்டு தடவை நான் போனை எடுக்கும்முன்னே ஷெட்டுக்குச் செய்தி வந்துவிட்டது, இரண்டு தடவையும் சரியாக. மூன்றாம் தடவை தப்பிற்று. அன்று சாயங்காலமே வடக்கேயிருந்து போன். "எங்க தப்பிச்சு பெரியம்ம? சொல்லுங்க, சொல்லுங்க." குரலில் அதே சந்தோஷம்.

கண் ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நோட்டில் வரிசையாகக் கோடு விழுந்தது. ஷீபாவை அளக்கச் சொல்லியிருக்கலாம். அவள் எட்டரைக்கு அக்கரையில் இருப்பாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோடாகவே போட்டு அனுப்பினேன்.

இன்று கண் தெளிவாக இருக்கிறது. ஷீபா வெளுக்கும்போதே சப்பாத்தைத் தாண்டிப் போய்விட்டாள். எட்டரைக்குக் குப்பியை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மலைமடக்கைப் பார்த்தேன், பாறை பாறையாகத் தெரிந்தது. வந்து நோட்டை விரித்து எழுதினேன்.

பூச்சியம். பார்த்தேன்.